கூடைப்பந்தாட்டத்தில் நடுக்கோடு எப்படி வந்தது?



கூடைப்பந்தாட்டப் போட்டிகளில் பிள்ளைகளைவிடக் கூடுதலாகச் சத்தம் போடுவது வெளியே நிற்கும் நாம்தான். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் போதும், "சேர், விசில் அடிங்க!" என்று கத்துவோம். அடிக்காவிட்டால் மத்தியஸ்தர் பக்கச்சார்பானவர் என்று முடிவும் கட்டிவிடுவோம். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது நம் பிள்ளைகள். அதனால்தான் இந்த விதியின் கதையை எழுத நினைத்தோம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த விளையாட்டுக்கு எழுதிய 13 விதிகளில், பந்தைப் பின்னால் கொண்டுபோகக் கூடாது என்று எதுவுமே இல்லை. காலப்போக்கில் அணிகள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டன. ஒரு புள்ளி முன்னிலை கிடைத்தால் போதும், பந்தைத் தம் பக்கமே வைத்து ஆளுக்காள் எறிந்துகொண்டு நேரத்தைக் கடத்துவார்கள். எதிரணி முழு ஆடுகளத்திலும் துரத்த வேண்டும். பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவி.

அதற்கு மருந்தாகத்தான் 1932-33 பருவத்தில் அமெரிக்க விதிகளில் நடுக்கோடும், 10 செக்கனுக்குள் பந்தை அதைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் வந்தன. தாண்டியவர்கள் உடனே திரும்பிவிட்டால் அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்? திரும்பத் தடை இருந்தால்தான் கோட்டுக்கு மதிப்பு.

அதுவும் போதவில்லை. 1950 நவம்பர் 22இல் ஃபோர்ட் வேய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்தின் புள்ளிகள்தான் இவை! ஜோர்ஜ் மைக்கன் என்ற உயரமான வீரரின் கைக்குப் பந்து போகக் கூடாதென்று அதைப் பிடித்துக்கொண்டே ஆடினார்கள். 1954இல் என்.பி.ஏ. 24 செக்கன் விதியைக் கொண்டுவந்த பிறகே இதற்கு முடிவு வந்தது. சர்வதேச விதிகளில் 10 செக்கன் 2000ஆம் ஆண்டில் 8 ஆனது.

இப்போது நம் சண்டைக்கு வருவோம். பந்து எங்கே போனது என்பதை மட்டும் பார்த்து மத்தியஸ்தர் விசில் அடிப்பதில்லை. முன்பக்கத்தில் பந்தை வைத்திருந்த அணி, அங்கே அதைக் கடைசியாகத் தொட்டதா, பிறகு பின்பக்கத்தில் முதலில் தொட்டதும் அதே அணிதானா என்று பார்க்கிறார். இரண்டுக்கும் "ஆம்" என்றால் தவறு. கோடும் பின்பக்கத்தைச் சேர்ந்ததுதான். அதை மிதித்தாலும் பின்பக்கமே. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வருபவருக்குச் சலுகை உண்டு: இரு கால்களும் பந்தும் முழுமையாக முன்பக்கத்தில் படும்வரை அவர் கடந்ததாகக் கணக்கில்லை.

எதிரணி வீரரின் விரல் பட்டுப் பந்து பின்னால் உருண்டால்? தாக்கும் அணி ஓடிப்போய்த் தாராளமாக எடுக்கலாம். விசில் வராது. 8 செக்கன் புதிதாகத் தொடங்கும், 24 செக்கன் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த விரல் பட்டது நம் இடத்திலிருந்து அநேகமாகத் தெரியாது, மத்தியஸ்தருக்குத் தெரியும்.