உங்க பிள்ளை என்ன படிக்கணும்னு முடிவு பண்றது யார்? டெல்லியா, சென்னையா?

மும்மொழியா, இருமொழியா? பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு உண்டா, இல்லையா? இதையெல்லாம் யார் முடிவு பண்றாங்க?

சட்டம்: மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை, 1976-ல் கொண்டுவந்த 42-வது சட்டத்திருத்தம் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதனால் இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம். மோதல் வந்தால் பொதுவாக மத்திய சட்டமே செல்லும்.

மத்திய அரசு: கஸ்தூரிரங்கன் குழு வரைவு கொடுத்தது. 2020 ஜூலை 29-ல் தேசியக் கல்விக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மாநில அரசு: ஓய்வு பெற்ற நீதிபதி முருகேசன் குழு 2024 ஜூலையில் அறிக்கை தந்தது. 2025 ஆகஸ்ட் 8-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. இருமொழி தொடரும், பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்து.

தேசியக் கொள்கையை மாநிலம் ஏத்துக்கிட்டே ஆகணுமா? இல்லை. கொள்கை வேற, சட்டம் வேற. அதை அமல்படுத்தச் சொல்லி மாநிலத்தை நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்போ சிக்கல் எங்கே? பணத்தில்தான். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடாததால், சமக்ர சிக்‌ஷா நிதி ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டதாகச் சொல்லி தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஆசிரியர் சம்பளம் முதல் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான இடம் வரை இந்த நிதியைத்தான் நம்பி இருக்கு.

கொள்கையை எழுதுவது குழுக்கள். அது வகுப்பறைக்கு வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நிதி.