சப்ஸ்டன்ஸ் (நியூ ஆர்டர் பாடல் தொகுப்பு)

சப்ஸ்டன்ஸ் என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த நியூ ஆர்டர் இசைக்குழு 1981 முதல் 1987 வரை தனிப்பாடல் தட்டுகளாக வெளியிட்டவற்றின் தொகுப்பு. ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை 1987 ஆகஸ்டில் வெளியிட்டது. வினைல் பதிப்பில் இரண்டு தட்டுகளில் பன்னிரண்டு பாடல்கள் வெளிவந்த காலவரிசைப்படியே அடுக்கப்பட்டிருந்தன. கிட்டார் குழு ஒன்று சின்தசைசர் நடன இசைக்குள் படிப்படியாக நுழைந்ததை இந்த வரிசையிலேயே கேட்டறியலாம்.

ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் நியூ ஆர்டர் என்ற புதிய பெயரில் தொடர்ந்தனர். அதே ஆண்டில் கில்லியன் கில்பர்ட் அவர்களுடன் சேர்ந்தார். தொகுப்பின் முதல் பாடலான ‘செரிமனி’ ஜாய் டிவிஷன் காலத்தில் எழுதப்பட்டது. முழுக்கக் கிட்டார் பாட்டு. அடுத்ததான ‘எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்’ பாடலிலேயே மின்னணுத் துடிப்பு தலைகாட்டிவிடுகிறது.

இந்தக் குழுவின் முக்கியமான பாடல்கள் பல ஆல்பங்களில் இடம்பெறாமல் 12 அங்குலத் தட்டுகளாகவே வந்தன. ஏழு அங்குலத் தட்டில் நீண்ட பாடலுக்கு இடம் போதாது. 12 அங்குலத் தட்டில் ஒரே பாடலுக்கு ஒரு பக்கம் முழுவதும் கிடைப்பதால், பள்ளங்களை இடைவெளிவிட்டு அகலமாகச் செதுக்கலாம். அதனால் ஒலி உரக்கக் கேட்கும், அடிநாதம் கனக்கும். நடன அரங்குகளுக்கு வேண்டியது அதுதான். ஃபேக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து பணம் போட்ட ஹசியெண்டா என்ற நடன அரங்கு 1982 மே மாதம் மான்செஸ்டரில் திறக்கப்பட்டது.

1983 மார்ச்சில் வந்த ‘ப்ளூ மண்டே’ ஏழரை நிமிடம் ஓடுகிறது. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினின் விடாத அடியோடு தொடங்கும் இதில், அடிநாதத்தை மூக் சோர்ஸ் சின்தசைசர் வாசிக்கிறது. ஹூக்கின் பேஸ் கிட்டார் மேல் சுரங்களில் மெட்டை எடுத்துச் செல்கிறது. சுரங்களை வரிசையாக இசைக்கவைக்கும் சீக்வென்சர் கருவியில் ஒவ்வொரு சுரத்தையும் கையாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை கில்பர்ட்டுடையது. சுரங்களை எழுதி ஒட்டிய ஏ4 தாள்கள் ஒலிப்பதிவுக்கூடத்தின் நீளத்துக்கு விரிந்திருந்ததாகவும், தவறுதலாக ஒரு சுரம் விட்டுப்போனதாகவும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சின்தசைசர் மெட்டு தாளத்திலிருந்து சற்றே விலகி ஒலிப்பது அதனால்தான். அந்தப் பிசகுதான் பாட்டுக்கு உயிர். பிளாப்பி டிஸ்க் வடிவில் பீட்டர் சாவில் அமைத்த உறையில் குழுவின் பெயரோ பாடலின் பெயரோ வெளிப்படையாக இல்லை. விவரங்கள் வண்ணக் கட்டங்களின் குறியீடாக இருந்தன. பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற 12 அங்குலத் தட்டு இதுவே.

அதே ஆண்டின் ‘கன்ஃபியூஷன்’ நியூயார்க்கில் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கருடன் உருவானது. அந்நகரத்து நடன அரங்குகளின் எலெக்ட்ரோ தாளம் அதில் நேரடியாக ஒலிக்கிறது. ‘பிசார் லவ் டிரையாங்கிள்’ பாடலை ஷெப் பெட்டிபோன் மறுகலவை செய்தார்.

ஃபேக்டரியின் டோனி வில்சன் வாங்கிய ஜாகுவார் காரில் குறுந்தகடு இயக்கி இருந்தது. நியூ ஆர்டரின் தனிப்பாடல்களை அதில் ஒருசேரக் கேட்க விரும்பினார், அதிலிருந்தே தொகுப்பு பிறந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. ‘டெம்ப்டேஷன்’, ‘கன்ஃபியூஷன்’ இரண்டும் தொகுப்புக்காகவே மீண்டும் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக்குடன் உருவாக்கிய ‘ட்ரூ ஃபெய்த்’ புதுப் பாடலாகச் சேர்ந்து, அமெரிக்காவில் குழுவின் முதல் டாப் 40 வெற்றியானது. பன்னிரண்டு பாடல்களையும் ஒரே குறுந்தகட்டுக்குள் அடக்க வேண்டியிருந்ததால் சில பாடல்களின் நீளம் குறைக்கப்பட்டது. ‘தி பெர்ஃபெக்ட் கிஸ்’ குறுந்தகட்டில் தன் முடிவுப் பகுதியையே இழந்தது. 12 அங்குலத் தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உண்மையான இழப்பு. தனிப்பாடல்களின் மறுபக்கப் பாடல்கள் பல இரண்டாம் குறுந்தகட்டில் இடம்பெற்றன. வினைலில் அவை இல்லை.

சாவில் இம்முறை வெள்ளைப் பரப்பில் வெறும் எழுத்துகளை மட்டும் வைத்தார். தொகுப்பு பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 3ஆம் இடத்தையும், குவின்சி ஜோன்ஸின் க்வெஸ்ட் நிறுவனம் இதை வெளியிட்ட அமெரிக்காவில் 36ஆம் இடத்தையும் எட்டியது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் கிடைத்தது. அங்கே பல ரசிகர்களுக்கு நியூ ஆர்டர் அறிமுகமானது இதன் வழியாகத்தான். ஜாய் டிவிஷனின் பாடல்களும் 1988இல் இதே பெயரில் தொகுக்கப்பட்டன. ஃபேக்டரி 1992இல் திவாலானது. நியூ ஆர்டரின் சப்ஸ்டன்ஸ் 2023 நவம்பரில் ஒலி புதுப்பிக்கப்பட்டு, வினைலிலும் குறுந்தகட்டிலும் மீண்டும் வெளிவந்தது.