வேண்டாம் என்றவர்கள் மின்கம்பியை விலைக்கு வாங்கிய கதை

ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புகுஷிமா விபத்தையும் ஆங்கெலா மெர்கெலின் மனமாற்றத்தையும் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். விபத்து நடந்து நான்கு மாதங்கூட ஆகாத நிலையில் ஒரு தொழில் வல்லரசு தன் மின்கொள்கையைத் திருப்பியது எப்படி என்பதற்கு அதில் விடை இல்லை. விடை வேண்டுமானால் 1970-களுக்குப் போய், ரைன் ஆற்றங்கரையில் திராட்சை பயிரிட்டவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் கைசர்ஸ்டூல் பகுதி ஒயினுக்குப் பேர்போனது. அங்குள்ள வீல் என்ற சிற்றூரில் அணுமின் நிலையம் வரப்போகிறது என்ற செய்தி 1973 ஜூலையில் வெளியானது. குளிர்விப்புக் கோபுரங்களின் நீராவி பள்ளத்தாக்கில் மூடுபனியாகப் படிந்து வெயிலை மறைத்தால் திராட்சை என்னாகும் என்பதுதான் விவசாயிகளின் முதல் கவலை. கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் பிறகு வந்தது. நிலையம் வராவிட்டால் பத்தாண்டு முடிவதற்குள் மாநிலத்தில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று முதல்வர் ஹான்ஸ் ஃபில்பிங்கர் எச்சரித்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில் என்றே சொல்லலாம்.

ஊர் ஒன்றுபட்டு நிற்கவில்லை. 1975 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் நிலத்தை விற்கலாம் என்று 55 சதவீதம் பேர் சொன்னார்கள். பிப்ரவரி 17-ல் வேலை தொடங்கியது. மறுநாளே சுற்றுவட்டார மக்கள் புகுந்து இயந்திரங்களை நிறுத்தினார்கள். இருபதாம் தேதி போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அவர்களை விரட்டியது. இருபத்துமூன்றாம் தேதி சுமார் 28,000 பேர் திரண்டு மீண்டும் உள்ளே நுழைந்தார்கள். இந்த உத்தி ஆற்றுக்கு அக்கரையில், பிரான்சின் மார்க்கோல்ஸ்ஹைமில் கற்றது. முந்தைய செப்டம்பரில் இருகரை மக்களும் சேர்ந்து அங்கே ஓர் ஈயத் தொழிற்சாலைக்கான இடத்தை ஆக்கிரமித்திருந்தார்கள்; அந்தத் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது.

ஆக்கிரமித்த காட்டுக்குள் மரத்தாலான வட்ட வடிவ மண்டபம் ஒன்று எழுந்தது. அங்கே மாலை வகுப்புகள் நடந்தன. உலைக்கலன் வெடித்தால் என்ன ஆகும், கழிவை எங்கே வைப்பது, உரிமச் சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் இயற்பியலாளர்களும் மருத்துவர்களும் விளக்க, விவசாயிகள் கேட்டுக் கேள்விகளால் துளைத்தார்கள். போலீசோடு மோதிய காட்சிகளே வரலாற்று நூல்களில் அதிக இடம் பிடிக்கின்றன. இயக்கத்துக்கு நெடுநாள் ஆயுள் தந்தது இந்த வகுப்புகள்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து. வெடிப்பைத் தாங்கும் பாதுகாப்பு அரண் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி 1977 மார்ச்சில் ஃப்ரைபுர்க் நிர்வாக நீதிமன்றம் கட்டுமான அனுமதியை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியபோதும் நிலையம் எழவில்லை. அந்தக் காடு இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி.

‘வேறு வழி என்ன?’ என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் தேடத் தொடங்கிவிட்டார்கள். வீலுக்குப் பக்கத்து ஊரான சாஸ்பாக்கில் 1976-ல் சூரிய ஆற்றல் கண்காட்சி நடந்தது. 1977 நவம்பரில் ஃப்ரைபுர்கில் ஓக்கோ ஆய்வு நிறுவனம் பிறந்தது. எண்ணெயும் யுரேனியமும் இல்லாமல் நாடு வளமாக இருக்க முடியும் என்று அது 1980-ல் கணக்கோடு நூல் வெளியிட்டது. ‘எனர்ஜிவெண்டே’ என்ற அந்த நூலின் தலைப்பே பின்னாளில் அரசுக் கொள்கையின் பெயராயிற்று.

கணக்கைக் காரியமாக்கிய ஊர் ஷோனாவ். கருங்காட்டு மலைப்பகுதியில் சுமார் 2,500 பேர் வாழும் ஊர் அது. 1986-ல் செர்னோபிலில் உலை வெடித்தபின் பெய்த மழை, தெற்கு ஜெர்மனியில் கீரையையும் பாலையும் குழந்தைகள் விளையாடும் மணலையும் சந்தேகத்துக்குரியவை ஆக்கியது. ஷோனாவின் பெற்றோர் சிலர் அணுவில்லா எதிர்காலத்துக்கான குழு ஒன்றைத் தொடங்கினர். ஆசிரியை உர்சுலா ஸ்லாடெக், அவருடைய கணவரும் ஊர் மருத்துவருமான மிகாயேல் ஸ்லாடெக் ஆகியோர் அதில் முன்நின்றார்கள். முதலில் அவர்கள் நடத்தியது மின்சிக்கனப் போட்டி. சிக்கனத்தை ஊக்குவிக்கும்படி கட்டணத்தை மாற்றச் சொல்லி மின்நிறுவனத்திடம் போனார்கள், மறுப்புதான் கிடைத்தது.

1990-ல் அந்த நிறுவனம், நடப்பிலிருந்த உரிம ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அதைப் புதுப்பித்தால் 1,00,000 மார்க் தருவதாக ஊராட்சிக்கு ஆசை காட்டியது. அதே தொகையைத் தாங்களே திரட்டித் தருவதாக மக்கள் பதிலுக்கு வந்து நின்றார்கள். ஊர்மன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. உடனே வாக்கெடுப்பு; 1991 அக்டோபரில் சுமார் 56 சதவீதம் பேர் மன்றத்தின் முடிவைத் தள்ளினார்கள். 1994-ல் மக்களின் சொந்த மின்நிறுவனம் உருவானது. 1996 மார்ச்சில் இரண்டாவது வாக்கெடுப்பிலும், இம்முறை சுமார் 52 சதவீதத்தோடு, அவர்களே வென்றார்கள்.

அதோடு தொல்லை தீரவில்லை. மின்வலையமைப்புக்குப் பழைய நிறுவனம் 87 லட்சம் மார்க் விலை சொன்னது. மக்கள் தரப்பு வல்லுநர்களின் மதிப்பீடு ஏறக்குறைய அதில் பாதிதான். வழக்காடினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பணத்தைச் சேர்த்துவிட்டு விலையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று துணிந்தார்கள். கூட்டுறவு நெறியில் இயங்கும் ஜிஎல்எஸ் வங்கி நிதி திரட்ட உதவியது. விளம்பர நிறுவனம் ஒன்று கூலி வாங்காமல் நாடு தழுவிய பிரச்சாரம் செய்து கொடுத்தது. 1997 ஜூலை 1 அன்று கம்பியும் கம்பமும் மின்மாற்றியும் ஊர்மக்களின் நிறுவனத்துக்குக் கைமாறின. மின்சந்தை திறந்துவிடப்பட்டதும் நாடெங்கும் அணுமின் கலவாத மின்சாரத்தை விற்கலானார்கள். உர்சுலா ஸ்லாடெக்குக்கு 2011-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

சட்டமும் இதே போக்கில் கீழிருந்துதான் வளர்ந்தது. சிறு உற்பத்தியாளரின் மின்சாரத்தை வாங்கியே தீர வேண்டும் என்ற 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழியமைத்தவர்கள், எதிரெதிர் முகாம்களில் இருந்த ஒரு பவேரியப் பழமைவாதியும் ஒரு பசுமைக் கட்சிக்காரரும். ஆகன் நகரின் சூரிய ஆற்றல் சங்கம், கூரையில் தயாராகும் மின்சாரத்துக்கு முழு அடக்கவிலை கிடைக்க வேண்டும் என்று வாதாடி, 1995-ல் யூனிட்டுக்கு 2 மார்க் வரை பெற்றுத் தந்தது. 2000-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் இவற்றை நாடு முழுமைக்குமான விதியாக்கியது.

இனி 2011-க்கு வரலாம். முந்தைய ஆண்டுதான் மெர்கெல் அரசு உலைகளின் ஆயுளை நீட்டித்திருந்தது. அதை எதிர்த்து மார்ச் 12-ல் நெக்கர்வெஸ்ட்ஹைம் உலையிலிருந்து ஷ்டுட்கார்ட் வரை மனிதச் சங்கிலி நடத்துவதென்று புகுஷிமாவுக்கு முன்பே நாள் குறித்திருந்தார்கள். விபத்துக்கு மறுநாள் 45 கிலோமீட்டர் நீளத்துக்கு சுமார் 60,000 பேர் கைகோத்தார்கள். இரண்டு வாரத்தில் நடந்த தேர்தலில் வீல் இருக்கும் அதே மாநிலம் பசுமைக் கட்சியிடம் போனது. ஜூன் 30-ல் நாடாளுமன்றம் உலைகளை மூடும் சட்டத்தை நிறைவேற்றியது.

விமர்சனங்களில் நியாயம் உண்டு. அணுவை மூடிய காலத்தில் பழுப்பு நிலக்கரி தொடர்ந்து எரிந்தது. காலநிலைக் கணக்கில் அது பெருங்குறை. ஆனாலும் 2000-ல் மின்நுகர்வில் 6 சதவீதமளவே இருந்த காற்றும் வெயிலும் நீரும் உயிர்ப்பொருளும் 2023-ல் பாதியைத் தாண்டின.

தீராமல் நிற்பது கழிவு. 1977-ல் கீழ் சாக்சனியின் கோர்லேபன் என்ற ஊரை, உள்ளூர்க்காரர்களைக் கலக்காமலே கழிவுக் கிடங்குக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்பத்துமூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2020-ல், நிலவியல் காரணங்களால் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தேடல் மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பொதுமக்களுக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.