ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல முடியாத சொற்கள்: எதை நம்பலாம்?

புத்தகக் கண்காட்சிக்குப் போகிறீர்கள். ஆசையாக 5 புத்தகங்கள் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், போன வருஷம் வாங்கியதையே இன்னும் படிக்கவில்லை!

இந்தப் பழக்கத்துக்கு ஜப்பானியர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்காத இத்தகைய சொற்களின் பட்டியல்கள் இணையத்தில் அடிக்கடி வலம் வருகின்றன. அவற்றில் சில உண்மை. சிலவற்றை அந்த மொழி பேசுபவர்களே கேள்விப்பட்டதில்லை. ஒரு பட்டியலில் நம் தமிழும் மாட்டிக்கொண்டது தெரியுமா?

முதலில், உண்மையான 4 சொற்கள்

ட்சுண்டோக்கு (ஜப்பானியம்): புத்தகங்களை வாங்கிப் படிக்காமல் குவித்து வைப்பது. 'குவித்து விட்டுவைப்பது', 'படிப்பது' ஆகிய இரண்டு சொற்களை விளையாட்டாக இணைத்து உருவானது. மெய்ஜி காலத்திலேயே (1868-1912) இந்தச் சொல் இருந்தது.

கும்மர்ஷ்பெக் (ஜெர்மன்): மனக்கவலையில் கண்டதையும் சாப்பிட்டு ஏறிய எடை. நேரடிப் பொருள்: 'துக்கக் கொழுப்பு'!

போச்செமூச்கா (ரஷ்யம்): எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் குழந்தை. ரஷ்ய மொழியில் 'போச்செமூ' என்றால் 'ஏன்'. "ஏம்மா? எதுக்கும்மா?" என்று துளைத்தெடுக்கும் வாண்டு உங்கள் வீட்டிலும் இருக்கும்.

கிகில் (தகாலோக், பிலிப்பீன்ஸ்): ரொம்ப அழகான குழந்தையையோ பூனைக்குட்டியையோ பார்த்ததும் கை துறுதுறுக்கும் உணர்வு. "கன்னத்தைக் கிள்ளணும் போல இருக்கே!" என்று தோன்றுமே, அதுதான்.

தமிழ் எப்படி மாட்டியது?

2004இல் பிரிட்டனின் மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று, மொழிபெயர்க்கக் கடினமான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு தமிழ்ச் சொல்லும் இடம்பெற்றது: 'செல்லாதிருப்பவர்'. பள்ளிக்கு மட்டம் போடுவதில் ஒரு வகை என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது.

சிரிப்பு வருகிறதா? சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செல்லாது + இருப்பவர். அதாவது, போகாமல் இருப்பவர். அது ஓர் ஆளைக் குறிக்கிறது, செயலை அல்ல. அதுவும் 'அவர்' என்று மரியாதையோடு! வகுப்புக்குப் போகாதவனை நாம் அப்படியா சொல்கிறோம்? "மட்டம் போட்டுட்டான்" என்போம். இங்கே என்றால் "பொந்தேங் போட்டுட்டான்".

மலாய்மொழிக்கும் இதே கதைதான். 'பீசான் ஸாப்ரா' என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட ஆகும் நேரமாம். பல பட்டியல்களில் அதைப் பார்க்கலாம். மலாய்க்கார நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். "அப்படின்னா என்ன?" என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்கக்கூடும். மலாயில் வாழைப்பழம் 'பீசாங்', 'பீசான்' அல்ல.

ஒருவர் தவறாக எழுதியதை அடுத்தவர் சரிபார்க்காமல் பகிர்ந்தால், அது உண்மைபோலப் பரவிவிடும். நம் மொழியில் பிழை இருந்தால் நமக்கு உடனே தெரிகிறது. மற்ற மொழிகளில்?

பகிர்வதற்கு முன்...

- அந்த மொழி பேசும் ஒருவரிடம் கேளுங்கள். "வீட்டில் இதைச் சொல்வீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.
- அந்த மொழியின் அகராதியில் தேடுங்கள்.
- 'ஆங்கிலத்தில் சொல் இல்லை' என்றால், அந்த உணர்வே ஆங்கிலேயருக்கு இல்லை என்று பொருள் அல்ல. ஒரே சொல்லில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஆங்கிலம் என்ன செய்கிறது?

வேண்டிய சொல் இல்லையென்றால், கடன் வாங்கிக்கொள்கிறது. நம் வட்டாரத்தின் 'ஷியோக்' 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியில் சேர்ந்தது. 2025இல் 'அலாமாக்', 'கிகில்' இரண்டும் இடம்பிடித்தன. நாம் தினமும் பேசியதால்தான் அவை அங்கே போய்ச் சேர்ந்தன.

இப்போது உங்கள் முறை. 'ஊடல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது வெறும் சண்டை அல்ல, வெறும் கோபமும் அல்ல. சமாதானம் செய்ய வருவார் என்று தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காதல் கோபம். திருக்குறளின் கடைசி அதிகாரத்தின் பெயரே 'ஊடலுவகை'.

தமிழ் தெரியாத நண்பருக்கு இதை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவீர்கள்?