பொன் திரட்டி வாங்கிய பழைய விமானம்



பழைய பொருளை விலைக்கு வாங்குவது எளிய செயலன்று. நான் பணியில் இருந்த காலத்தில், பள்ளிக்குப் பழைய பேருந்து ஒன்று தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. புது வண்ணம் பூசிப் பளபளவென்று நின்ற வண்டியைக் கண்டு மயங்கினேன். முதல் மழைக்காலத்திலேயே அது நடுவழியில் நின்றுவிட்டது. பிள்ளைகளை நனைய நனைய இரண்டு கல் தொலைவு நடத்திச் சென்றேன். தரையில் ஓடும் வண்டிக்கே இக்கதி என்றால், கடலைக் கடந்து பறக்கும் விமானத்தைப் பழையதாக வாங்கியவர்கள் எதனைப் பார்த்து வாங்கினார்கள் என்று அன்று எண்ணினேன். அந்த வினாவுக்கு விடைபோல் அமைந்த வரலாறு ஒன்று இந்தோனேசியாவில் நிகழ்ந்திருக்கிறது.

அதன் தொடக்கம் அமெரிக்காவில். 1932ஆம் ஆண்டு ஜாக் பிரை என்னும் விமானக் கம்பெனி அதிகாரி, புதிய விமானம் வேண்டி உற்பத்தியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் கேட்டது மூன்று எஞ்சின் விமானம். ஓர் எஞ்சின் பழுதுபட்டாலும் அது தரையினின்று எழும்ப வேண்டும் என்பது நிபந்தனை. டக்ளஸ் கம்பெனியார் இரண்டே எஞ்சின்களைக் கொண்டு அதைச் செய்துகாட்ட முன்வந்தனர். 1933இல் மலைப்பாங்கான அரிசோனாவில், தரையை விட்டு எழும்பும் தறுவாயில் ஓர் எஞ்சினை அணைத்துவிட்டு, மற்றொன்றால் பறந்து சோதனை நடத்தினர். அந்த வமிசத்தில் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது டிசி-3. போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே டகோட்டா. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறனும் 14 சிலிண்டர்களும் கொண்ட இரு பிஸ்டன் எஞ்சின்கள் அதன் சிறகுகளில் பொருத்தப்பட்டிருந்தன.

போருக்காகச் செய்யப்பட்டவை மட்டும் பதினாயிரம் இருக்கும். போர் ஓய்ந்ததும் அவை வேண்டாப் பொருள்களாயின. ஏலத்தில் மலிவாக விற்கப்பட்டன. சிறு முதல் உடையவர்களும் ஒன்றிரண்டு வாங்கி, வாடகைக்குப் பறக்கவிட்டனர். நம் நாட்டிலும் அவ்வாறே. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பல டகோட்டாக்கள் செப்பனிடப்பெற்றுப் பயணிகள் விமானங்களாக மாறின. 1953இல் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் அமைந்தபோது, அதன் 99 விமானங்களில் 74 டகோட்டாக்களே.

இத்தகைய விமானத்தை வாங்குபவன் வண்ணத்தைப் பார்ப்பதில்லை, ஏட்டைப் பார்க்கிறான். கடைசியாகப் பிரித்துச் செப்பனிட்டபின் ஒவ்வோர் எஞ்சினும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? சிறகு உடலோடு சேரும் இடத்தில் துருவோ வெடிப்போ உண்டா? உதிரி உறுப்புகள் எங்கே கிடைக்கும்? சுவரோரம் சிப்பாய்கள் உட்கார்ந்த உலோகப் பலகைகளை அகற்றி இருபது இருபத்தைந்து ஆசனங்கள் போட்டால், எரிபொருளுக்கு எவ்வளவு எடை மிஞ்சும்? எஞ்சினுக்கு விதித்த மணிக்கணக்கு முடிந்துவிட்டால், அதனைப் பிரித்துச் செப்பனிடும் செலவு வாங்கியவன் தலையில் விழும். மலிவாக வந்த விமானம் அந்த ஒரு செலவிலேயே மலிவன்று என்று தெரியவரும்.

இனி இந்தோனேசியாவுக்கு வருவோம். 1945 ஆகஸ்ட் 17 அன்று சுதந்திரம் அறிவித்த அந்நாட்டை டச்சுக்காரர்கள் கடல்வழியே முற்றுகையிட்டிருந்தனர். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே போய்வர வானமே வழி. முதலில் அயலாரின் விமானங்களை நம்பினர். பின்னாளில் ஒரிசாவின் முதலமைச்சரான பிஜு பட்நாயக்கின் டகோட்டா ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துகளுடன் வந்தபோது, 1947 ஜூலை 29 அன்று யோக்யகர்த்தா அருகே டச்சுப் போர் விமானங்களால் வீழ்த்தப்பட்டது. எண்மர் மாண்டனர். அதே ஆண்டு மேற்குச் சுமத்ராப் பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகளைக் கொண்டு, ஆவ்ரோ ஆன்சன் என்னும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம் வாங்கப்பட்டது. மரச் சிறகும் துணி போர்த்த உடலும் உடையது அது. டிசம்பரில் அது மலேயாக் கரையோரம் விழுந்து நொறுங்கியது. இரு வீரர்கள் உயிரிழந்தனர்.

இவ்வளவு இழந்தபின்னும் அவர்கள் மீண்டும் வாங்கத் துணிந்தனர். விவேகோ சுபோனோ என்னும் இளம் விமானப்படை அதிகாரி பொறுப்பேற்றார். முன்னேற்பாடாக இருபத்தைந்து டகோட்டா பொம்மைகளைச் செய்து வைத்தார்களாம். காசு தருபவர்கள் எதற்காகத் தருகிறோம் என்பதைக் கண்ணால் காணட்டும் என்பதே நோக்கம் போலும். கரும்பலகையோடு காலம் கழித்த எனக்கு இந்த உபாயம் மிகவும் பிடித்திருக்கிறது.

1948 ஜூன் 16 அன்று ஜனாதிபதி சுகர்ணோ சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயின் தலைநகருக்கு வந்தார். அன்று கூத்தராஜா, இன்று பண்டா ஆச்சே. முதலாம் இராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு கூறும் இலாமுரிதேசம் இந்தப் பகுதியே என்பர் ஆராய்ச்சியாளர். வணிகர் சங்கத்தார் அளித்த விருந்தில், விமானத்துக்கு விடை தெரியும்வரை உண்ணமாட்டேன் என்று சுகர்ணோ அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. வணிகர்கள் இசைந்தனர். ஊர்தோறும் திரட்டிய தொகை 20 கிலோ பொன்னுக்கு ஈடானது என்பது அவர்கள் கணக்கு. அதனைக் கொண்டு வாங்கிய பழைய டகோட்டாவுக்கு ஆர்.ஐ.-001 என்று எண்ணிட்டு, ஆச்சேயின் மலை ஒன்றின் பெயரால் செலாவா என்று அழைத்தனர். அச்சொல்லுக்குப் பொன்மலை என்று பொருள் கூறுவர். நவம்பரில் துணை ஜனாதிபதி ஹத்தா அதில் சுமத்ராவைச் சுற்றிவந்தார். கூத்தராஜாவில் ஊர்ப் பெரியோரையும் ஏற்றிக்கொண்டு அது ஒரு வட்டம் பறந்தது. தாம் கொடுத்த பொன்னின்மேல் அமர்ந்து தம் ஊரை மேலிருந்து கண்டனர் அவர்கள்.

டிசம்பர் 6 அன்று செலாவா கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. உரிய காலத்துப் பராமரிப்புச் செய்தாகவேண்டும்; அதற்கான பட்டறை அங்கேதான் இருந்தது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். பெரும்பாலும் வங்காள விரிகுடா. பதின்மூன்றாம் நாள், டிசம்பர் 19 அன்று, டச்சுப் படை யோக்யகர்த்தாவின் மகுவோ விமான நிலையத்தைக் கைப்பற்றி, சுகர்ணோவையும் ஹத்தாவையும் சிறைப்படுத்தியது. செலாவா தன் வழக்கமான நிலையத்தில் நின்றிருந்தால் அதுவும் பகைவர் கையில் அகப்பட்டிருக்கும்.

இதனை நற்பேறு என்பர் பலர். நான் பாதிதான் ஒப்புவேன். முற்றுகைக்கு நடுவே, இத்தகைய விமானத்தை வாரக்கணக்கில் பட்டறைக்கு அனுப்ப எவருக்கும் மனம் வராது. இன்னும் ஒரு பயணம், இன்னும் ஒரு பயணம் என்று தள்ளிப்போட ஆயிரம் காரணம் கிடைத்திருக்கும். அவர்கள் தள்ளிப்போடவில்லை.

ஜனவரி 20 அன்று வேலை முடிந்தது. விமானம் உண்டு, விமானிகள் உண்டு, திரும்பிச் செல்லத் தலைநகரம் இல்லை. எரிபொருளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? விவேகோ கண்ட வழி வாடகைப் பறப்பு. அப்போது பர்மாவில் கலகம் மூண்டிருந்தது. கரேன் படையினரும் கம்யூனிஸ்டுகளும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் துண்டித்திருந்தனர். ஆட்களையும் பொருள்களையும் கொண்டுசெல்ல ரங்கூன் அரசாங்கத்துக்கு விமானம் வேண்டியிருந்தது. 1949 ஜனவரி 26 அன்று செலாவா ரங்கூன் சென்றது. அடுத்த ஆண்டு அதே நாளில்தான் நம் நாடு குடியரசாயிற்று. இந்தோனேசியன் ஏர்வேஸ் என்ற பெயரில் நடந்த அந்தத் தொழிலின் மூலதனம் பழைய டகோட்டா ஒன்று மட்டுமே. அது ஈட்டிய வருவாயைக் கொண்டு மேலும் விமானம் சேர்ந்தது. தாய்நாட்டு அரசு சிறையிலிருந்த மாதங்களில், அதன் கொடியேந்திய விமானம் அயல்நாட்டில் உழைத்துப் பிழைத்தது.

அந்நாட்டின் கருடா விமானக் கம்பெனி தன் பிறந்தநாளை 1949 ஜனவரி 26 என்றே கொண்டாடுகிறது. விவேகோ 1968 முதல் 1984 வரை அதன் தலைவராக இருந்தார். ஏர்பஸ் ஏ-300 விமானங்களை வாங்கியபோது, மூவருக்குப் பதில் இருவரே ஓட்டும்படி விமானி அறையை மாற்றியமைக்கச் சொன்னவர் அவர். அவ்வாறே செய்து 1982இல் கொடுத்தார்கள். பண்டா ஆச்சேயின் பிளாங் பாடாங் திடலில், ஆர்.ஐ.-001 என்னும் எண்ணைத் தாங்கிய டகோட்டா நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது.