கயிற்றுப் பின்னலின் பூர்வீகம்

கோடைக்கென்று வெண்பருத்தி நூலில் கையில்லாத மேலாடை ஒன்றைப் பின்னுகிறவள், அதன் மார்பின் நடுவே இரண்டு புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் கயிற்று முறுக்கை அமைக்கும்போது, தான் செய்வது ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய காரியம் என்று எண்ணிப் பெருமிதம் கொள்வதுண்டு. அயர்லாந்தின் மேற்கே, கால்வே வளைகுடாவின் வாயிலில் அட்லாண்டிக் அலைகளுக்கு நடுவே கிடக்கும் மூன்று சுண்ணாம்புப் பாறைத் தீவுகளாகிய ஆரனே அதன் ஜன்ம பூமி என்றும், அங்கே மீனவக் குடும்பம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பின்னற் கோலத்தை வழிவழியாகக் காத்து வந்தது என்றும், கடலில் மாண்டவன் உடல் கரையொதுங்கினால் அக்கோலத்தைக் கொண்டே அவன் இன்னான் என அறிந்தார்கள் என்றும் அவளுக்கு யாரேனும் சொல்லியிருப்பார்கள். கதை அழகானதுதான், எனினும் விசாரணைக்கு நிற்கக்கூடியதன்று.

முதலில் முறுக்கின் சூத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊசியில் வரிசையாக நிற்கும் கண்ணிகளில் மூன்றையோ நான்கையோ ஒரு சிறு துணையூசியில் ஏற்றி ஒதுக்கிவிட்டு, அடுத்துள்ள கண்ணிகளை முதலில் பின்னி, ஒதுக்கியவற்றைப் பிறகு பின்னவேண்டும். முன்புறம் ஒதுக்கினால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்புறம் ஒதுக்கினால் வலப்பக்கம் சாயும். நம் வீட்டுச் சடைக்கு மூன்று கால்கள் வேண்டும். இதற்கு இரண்டே போதும். இவ்வாறு கண்ணிகள் இடம் மாறும்போது துணி குறுகித் தடிக்கிறது, நூலும் அதிகம் விழுங்குகிறது. குளிர்காற்றில் கடலுக்குப் போகிறவனுக்கு அந்தத் தடிப்பே லாபம். கோடையில் உடுத்துகிறவளுக்கோ அது பாரம். ஆகையால்தான் கோடை மேலாடையில் முறுக்கை மார்பின் நடுவே ஒரு பட்டையளவில் நிறுத்திக்கொண்டு மற்ற இடமெல்லாம் வெறும் பின்னலாக விட்டுவிடுகிறார்கள். கையில்லாத பின்னலாடையை நாம் பனியன் என்று சொல்லிச் சட்டைக்குள் மறைக்கிறோம். மேல்நாட்டினரோ அதன்மேல் கயிறு முறுக்கி ஊரறிய உடுத்துகிறார்கள்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். நாடகாசிரியர் ஜே. எம். சிங் 1898 முதல் சில ஆண்டுகள் அடுத்தடுத்து ஆரனுக்குச் சென்று, தீவு மக்களோடு தங்கி, கண்டதையெல்லாம் எழுதி 1907-ல் நூலாக வெளியிட்டார். பெண்களின் சிவப்புப் பாவாடையையும் ஆண்களின் கம்பளி உடையையும் நுணுக்கமாக வர்ணிக்கும் அவர், இளைஞர் சிலர் செம்படவருக்குரிய சாதாரணப் பின்னல் சட்டையை அணியத் தொடங்கியிருப்பதையும் குறிப்பிடுகிறார்; ஆனால் முறுக்குகள் நிறைந்த வெண்ணிறச் சட்டை எதையும் அவர் கண்டதாகச் சொல்லவில்லை. இருந்திருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்பியிராது. உடலை அடையாளம் காணும் கதையின் வித்தும் அவரிடமே இருக்கிறது. 1904-ல் அரங்கேறிய அவருடைய ஓரங்க நாடகத்தில், மூழ்கிப்போனவனை அவன் சகோதரி அறிந்துகொள்வது அவனுடைய காலுறையைக் கொண்டு. தான் பின்னும்போது தவறவிட்ட கண்ணிகளை எண்ணி அவள் தெளிகிறாள். குடும்பக் கோலம் அங்கே கிடையாது. ஒரு பெண் தன் கைப்பிழையைத் தானே இனங்கண்ட அந்தத் துயரக் காட்சிதான் பிற்காலத்தார் வாயில் குலச்சின்னமாக வளர்ந்துவிட்டது.

அப்படியானால் முறுக்கு எங்கிருந்து வந்தது? 1891-ல் அமைந்த அரசாங்க வாரியம் ஒன்று, அயர்லாந்தின் வறிய மேற்குக் கரையில் மீன்பிடித் தொழிலை விருத்தி செய்ய முற்பட்டு, கிழக்குக் கரையின் ஆர்க்லோ மீனவர்களை ஆரனுக்கு வரவழைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து மீன் பதம்செய்யும் பெண்களும் அக்கடலோரத்துக்கு வந்து போயினர். பிரிட்டிஷ் கடலோரத்து மீனவர்கள் அணிந்த, இறுகப் பின்னிய கருநீலச் சட்டையில் முறுக்கும் வரம்பும் ஏற்கெனவே இருந்தன. அதைக் கண்ட ஆரன் பெண்கள் நீலத்தை விட்டு, சாயமேற்றாத தடித்த வெண்கம்பளியை எடுத்து, முறுக்கு, தேன்கூடு, வைரக்கட்டம் எல்லாவற்றையும் ஒரே மார்பில் நெருக்கி அமைத்தார்கள் என்பதே 1997-ல் இப்பொருள் பற்றி நூலெழுதிய பின்னற் கலைஞர் ஆலிஸ் ஸ்டார்மோரின் முடிபு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

பழமையைச் சூட்டியவர் வேறொருவர். ஜெர்மனியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் நூற்கடை வைத்திருந்த ஹெயின்ஸ் எட்கர் கீவே 1936-ல் டப்ளின் கடையொன்றில் இத்தகைய வெண்சட்டையை வாங்கினார்; 1943-ல் மேரி தாமஸ் தம்முடைய பின்னற்கோலப் புத்தகத்தில் ஆரன் சட்டையின் படத்தை அச்சிட்டார். கீவேயோ அதோடு திருப்தியடையாமல், கெல்ஸ் சுவடி என்னும், ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த ஓவியச் சுவடியில் ஓர் உருவத்தின் உடையே ஆரன் பின்னல்தான் என்று கண்டுபிடித்து, 1967-ல் பின்னலின் புனித சரித்திரம் என்றே ஒரு நூல் இயற்றினார். இரண்டு ஊசிகொண்டு பின்னும் வித்தை ஐரோப்பாவை எட்டியதே அந்தச் சுவடிக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பது அவருடைய உற்சாகத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. கயிறு மீனவன் நலத்தைக் குறிக்கும், வைரம் வயலைக் குறிக்கும் என்ற அர்த்தங்களும் இவ்வாறு எழுந்தவையே. வியாபாரிகளுக்கு அவை பெரிதும் உபயோகப்பட்டன. 1961-ல் கிளான்சி சகோதரர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இச்சட்டையோடு பாடியபின் அயல்நாடுகளில் கிராக்கி பெருகிற்று.

புராதனம் என்ற பட்டம் போனால் கௌரவம் குன்றும் என்று வருந்துவோர் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லும்போது அந்தச் சட்டைக்கு ஆசிரியர் என ஒருவரும் இல்லாமற் போகிறார். இருபதாம் நூற்றாண்டின் சிருஷ்டி என்று ஒப்புக்கொண்டாலோ, மீன்நாற்றம் வீசும் கற்குடிசைகளில் ஜீவனத்துக்காக ஊசி பிடித்த சில சாமர்த்தியசாலிப் பெண்கள் அதன் ஆசிரியர்களாக நம்முன் வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறித்து வைக்க அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை; பழஞ்சுவடியில் தேடி அலைந்த கீவேக்கும் தோன்றவில்லை.

ஆகவே இந்தக் கோடையில் ஊசியெடுக்க நினைக்கும் சகோதரிக்கு இரண்டு வார்த்தைகள். பருத்தி கம்பளியைப்போல் இழுத்த இழுப்புக்கு இசையாது. முறுக்கும் துணியைக் குறுக்கிவிடும். எனவே முறுக்கோடு சேர்த்து ஒரு சாண் சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி அளந்த பிறகே கண்ணிக் கணக்கைப் போடுங்கள். வேலை முடிந்ததும், உள்மடிப்பில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதி வையுங்கள்.