தென்சென்னையில் ஒரு புதுமுகம்

2008ஆம் ஆண்டின் மறுசீரமைப்புக்கு முன்னர், தென்சென்னை மக்களவைத் தொகுதி திருவல்லிக்கேணியில் தொடங்கித் தாம்பரத்தில் முடிந்தது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதனுள் அடங்கின. ஒரு முனையில் ஆர்க்காட்டு நவாபின் குடும்பம் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசல். மறுமுனையில் விமானப்படைத் தளமும், ரயில்வே பணிமனையும், கிறித்தவக் கல்லூரியும் சூழ்ந்த தாம்பரம். இடையே தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டை. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்தில் நகரமும் புறநகரும் ஒரே உறுப்பினரைத் தில்லிக்கு அனுப்பி வந்தன. இத்தொகுதியில் 2004இல் ஒரு முஸ்லிம் பெண்மணி மக்களவைக்குப் போட்டியிட்டார் என்பதை நம்மில் பலர் இன்று மறந்துவிட்டோம். வழக்குரைஞர் திருமதி பதர் சயீத் அவர்களின் அந்த முயற்சியைச் சற்று விரிவாக நோக்குவது நம் சமுதாயத்தின் அரசியல் வரலாற்றுக்குத் தேவையான பணியென்று கருதுகிறோம்.

புதுமுகங்களைத் தென்சென்னை வெறுத்ததில்லை. 1967 பொதுத் தேர்தலில் இங்கிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அறிஞர் அண்ணா, முதலமைச்சரானதும் அவ்விடத்தைத் துறந்தார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். முப்பத்து மூன்று வயதினரான அப்பத்திரிகையாளருக்கு நாடாளுமன்றம் முற்றிலும் புதியது. 1984இல் திரைக்கலைஞர் வைஜயந்திமாலா காங்கிரஸ் வேட்பாளராக நின்று, நாடாளுமன்ற விவாதங்களில் பழுத்த அனுபவம் பெற்ற இரா. செழியன் அவர்களையே தோற்கடித்தார். அனுபவத்தைப் புதுமை வென்றது என்று அதனைச் சொல்லிவிடலாம்; ஆனால் அது முழு உண்மையாகாது. மாறனுக்குப் பின்னால் 1967இன் திமுக அலை இருந்தது. வைஜயந்திமாலாவுக்குப் பின்னால், இந்திரா காந்தி அம்மையாரின் படுகொலைக்குப் பின்னெழுந்த அனுதாபமும், அதிமுக–காங்கிரஸ் கூட்டணியும் இருந்தன. மக்கள் வாக்களித்தது முகத்துக்கு மட்டுமன்று. அம்முகத்தின் பின்னே நின்ற அணிக்கும்தான்.

இவ்வுண்மையை நம் சமுதாயம் வேறொரு வழியில் முன்னரே கற்றிருந்தது. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர்கள். தோல் வணிகத்தோடு தொடர்புடையவர்கள். குரோம்பேட்டையில் எளிய இல்லமொன்றில் வாழ்ந்தவர்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதிட்ட உறுப்பினர். பின்னர் மாநிலங்களவை உறுப்பினர். இத்தனை சிறப்பிருந்தும், மக்களவைக்கு அவர்கள் சென்றது தாம் வாழ்ந்த தொகுதியிலிருந்தன்று, மலபாரின் மஞ்சேரியிலிருந்து. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரி மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். தொகுதிக்கு வந்து வாக்குக் கேட்கும் வழக்கமும் அவர்களுக்குப் பெரிதாக இல்லை என்று மூத்தோர் நினைவுகூர்வர்.

காரணம் வெளிப்படை. தனித்தொகுதி வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் எழுப்பிய குரல் ஏற்கப்படவில்லை. மலபாரில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். தமிழகத்திலோ திருவல்லிக்கேணி, பல்லாவரம், ஆம்பூர், கீழக்கரை, காயல்பட்டினம் எனச் சிதறி வாழ்கின்றனர். எந்த மக்களவைத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர். ஆகவே இங்கே ஒரு முஸ்லிம் வேட்பாளருக்குக் கூட்டணியே வாசல். 1967இல் முஸ்லிம் லீக் திமுகவோடு கைகோத்ததும் இக்கணக்கின் வழிப்பட்டதே. 2004இல் வேலூரில் வென்ற பேராசிரியர் காதர் மொகிதீன் அவர்களும் உதயசூரியன் சின்னத்தில் நின்றே வென்றார் என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். கட்சி நம்முடையது, சின்னம் பிறருடையது. இதில் குறை காண்போர் உண்டு. நாம் அதைச் சூழலின் கட்டாயம் என்றே கொள்கிறோம்.

இப்பின்னணியில்தான் 2004 வந்தது. பதர் சயீத் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறியப்பட்ட வழக்குரைஞர். தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவர் பொறுப்பை வகித்தவர். பெண்ணொருவர் அப்பொறுப்பில் அமர்வது நம்மிடையே வழக்கமான காட்சியன்று. சட்டமும் வக்ஃபு நிர்வாகமும் அறிந்த அவர், மக்களவைத் தேர்தல் களத்துக்குப் புதியவர். அவருக்கு வாய்ப்பளித்த அதிமுக அப்போது ஆளுங்கட்சி. எதிரில் நின்ற டி. ஆர். பாலு 1996, 1998, 1999 என மூன்று முறை தொடர்ந்து இத்தொகுதியை வென்றவர்.

வேட்பாளரை மட்டும் பார்த்திருந்தால் நம் சமுதாயம் மகிழ்ந்திருக்க வேண்டிய தருணம் அது. தமிழகத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண் மக்களவைக்குச் சென்றதே இல்லை, இன்றளவும் இல்லை. ஆனால் அவ்வாய்ப்பை நீட்டிய கையைப் பார்க்காதிருக்க முடியவில்லை. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை இயற்றியது அதே அரசு. குஜராத் கலவரங்கள் நிகழ்ந்து ஈராண்டே கடந்திருந்தன. அதிமுகவோ பாரதிய ஜனதா கட்சியோடு கூட்டணி கண்டிருந்தது. முஸ்லிம் லீக் எதிரணியில் நின்றது. வாலாஜா பள்ளியின் நிழலில் வாழ்ந்த வாக்காளர் ஒருவர், தம் சமுதாயத்துச் சகோதரிக்கு வாக்களித்தால் தில்லியில் யாருடைய ஆட்சி வலுப்பெறும் என்று எண்ணிப் பார்த்திருந்தால் அதைப் பிழையென்று எவர் சொல்ல இயலும்? சமுதாயத்தின் பெயர் ஒரு பக்கமும் சமுதாயத்தின் அச்சம் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்ற தேர்தல் அது.

முடிவு நாம் அறிந்ததே. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் பாலு வென்றார். தமிழகத்தின் 39 தொகுதிகளையும் திமுக அணி கைப்பற்றியது. ஆகவே, பெண் என்பதால் தோற்றார், முஸ்லிம் என்பதால் தோற்றார், புதியவர் என்பதால் தோற்றார் என்னும் எந்த விளக்கமும் நிற்காது. பழம்பெரும் ஆண் வேட்பாளர்களும் அவ்வணியில் அன்று ஒருவர் மிச்சமின்றித் தோற்றனர். தேர்தல் முடிவு வெளியான சில நாட்களிலேயே மதமாற்றத் தடைச் சட்டத்தை விலக்கிக்கொள்ள அரசு முன்வந்தது. சிறுபான்மையினரின் மனத்தாங்கலைத் தோல்விக்குப் பின் அரசு உணர்ந்துகொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அணியே இன்றி நிற்பது இயலுமா என்னும் வினாவுக்கு 2009 விடை தந்தது. மடிப்பாக்கத்துக் குடிசைப் பகுதியில் வளர்ந்து, இட்லி விற்ற தாயின் உழைப்பால் படித்து, அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் பட்டம் பெற்று, உணவுத் தொழில் தொடங்கிய சரத்பாபு என்னும் இளைஞர், மறுசீரமைக்கப்பட்ட தென்சென்னையில் சுயேச்சையாக நின்றார். பத்திரிகைகள் கொண்டாடின, படித்தவர்கள் பாராட்டினர். அவர் பெற்றவை சுமார் 15 ஆயிரம் வாக்குகள். சுயேச்சைக்கு அது சிறிய எண்ணிக்கையன்று. எனினும் அதிமுகவின் சி. ராஜேந்திரன் வென்ற அத்தேர்தலில் முடிவை மாற்ற அது போதவில்லை.

பதர் சயீத் அவர்கள் களத்தை விட்டு அகலவில்லை. 2006இல் திருவல்லிக்கேணியில் போட்டியிட்டுச் சட்டமன்ற உறுப்பினரானார். 2004இல் அவர் வேண்டி நின்ற பெருந்தொகுதியின் ஆறில் ஒரு பகுதி அது. பிற்காலத்தில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ்களுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சான்றிதழ்கள் வழங்கப்படுவதற்குத் தடை விதித்தது. அவ்வழக்கில் அவரோடு உடன்படாத ஆலிம்கள் பலருண்டு. நாடாளுமன்றத்தில் ஒரு முஸ்லிம் பெண் உறுப்பினர் எழுப்பியிருக்க வேண்டிய விவாதம் நீதிமன்றத்தில் மனுவாக நடந்தது என்பதே நம் வருத்தம். அவையில் நடந்திருந்தால், மறுப்போரின் குரலும் அதே பதிவேட்டில் ஏறியிருக்கும்.

தொகுதி மறுசீரமைப்பு பழைய தென்சென்னையைக் கலைத்துவிட்டது. தாம்பரமும் ஆலந்தூரும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் சேர்ந்தன. பாலு அவர்களும் 2009இல் அங்கே சென்று வென்றார். திருவல்லிக்கேணி மத்திய சென்னைக்குப் போயிற்று. 1972 ஏப்ரலில் மறைந்த காயிதே மில்லத் அவர்கள் வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த குரோம்பேட்டையும் அடங்கிய திருவல்லிக்கேணியும் இப்போது இருவேறு தொகுதிகள்.